பரணில் கிடைத்த பழைய .22 ரைஃபிள்: வயதும் வரலாறும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவில் பழைய வீடு வாங்குகிறவர்கள், அங்கேயே திருமணம் செய்து மாமனார் வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரித்துக்கொள்கிறவர்கள் என நம்மவர்கள் பலரிடம் இப்போது ஒரு பழைய .22 ரைஃபிள் (சுமார் 0.22 அங்குலத் தோட்டாவைச் சுடும் சிறு ரக நீளத் துப்பாக்கி) இருக்கிறது. விலை உயர்ந்ததல்ல. ஒரு காலத்தில் ஹார்டுவேர் கடையிலும் தபால் பட்டியலிலும் விற்ற சாதாரணப் பொருள். பழைய துப்பாக்கிகளில் எனக்கு ஈடுபாடு உண்டு என்று தெரிந்தவர்கள் படம் அனுப்பிக் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

அண்ணா, புதுசா வாங்கின வீட்டுப் பரண்ல ஒரு துப்பாக்கி கிடந்தது. முதல்ல என்ன பண்ணணும்?

வயது, வரலாறு எல்லாம் அப்புறம். முதலில் அதில் தோட்டா இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். விசைப்பக்கம் விரல் போகக்கூடாது, குழல் யாரையும் பார்த்து இருக்கக்கூடாது. போல்ட்டை (தோட்டா அறையை மூடித் திறக்கும், கைப்பிடி வைத்த இரும்புத் தண்டு) பின்னால் இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை விளக்கு அடித்துப் பாருங்கள். அறை காலியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. பல .22 ரைஃபிள்களில் குழலுக்கு அடியில் நீளமான தோட்டாக் குழாய் ஒன்று உண்டு. அதற்குள் ஒரு தோட்டா பல வருடங்களாக ஒட்டிக்கொண்டு கிடக்கலாம். உள்ளே இருக்கும் பித்தளைக் குழாயை முழுக்க உருவி எடுத்துப் பாருங்கள்.

இதெல்லாம் பழக்கமில்லை என்றால் தொடாதீர்கள், தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். வீட்டை விற்றவர் குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மறந்துபோய் விட்டுச் சென்றிருப்பார்கள். வைத்திருப்பதற்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநில விதியைப் பார்த்த பிறகு மேலே படியுங்கள்.

ரிம்ஃபயர்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

பெரிய தோட்டாக்களின் அடிப்பாகத்தில் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும், தீப்பற்றும் மருந்து அதில்தான் இருக்கும். .22 தோட்டாவில் அந்த வட்டம் கிடையாது. அடியைச் சுற்றியுள்ள மெல்லிய விளிம்புக்குள்ளேயே மருந்து அடைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பைத் தட்டினால் வெடிக்கும். செய்வதற்கு மலிவு. அதனால்தான் பண்ணை வீட்டுப் பையன்களின் முதல் துப்பாக்கியாக இது ஆனது.

வயது பார்ப்பதற்கும் தோட்டா உதவும். .22 ஷார்ட் 1857இல் வந்தது, லாங் 1871இல், இன்று உலகம் முழுக்கப் பயன்படும் லாங் ரைஃபிள் 1887இல். .22 மேக்னம் 1959இல்தான் வந்தது. குழலில் 'மேக்னம்' என்று பொறித்திருந்தால் அந்த ரைஃபிள் 1959க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் மூன்றும் வரிசையாகப் பொறித்திருந்தால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, பல பத்தாண்டுகள் அப்படித்தான் பொறித்தார்கள்.

சீரியல் நம்பரே இல்லையே! யாரோ அழிச்சிருக்காங்களா? வச்சிருந்தா ஜெயிலா?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான், பாதிப் பேர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். 1968ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரும்வரை .22 ரைஃபிளுக்கு எண் போடவேண்டிய கட்டாயம் அமெரிக்காவில் இல்லை. எண் போடுவதும் பதிவேடு வைப்பதும் செலவு. மலிவு ரைஃபிளில் அந்தச் செலவை நிறுவனங்கள் மிச்சம் பிடித்தன. 1934 முதல் 1963 வரை லட்சக்கணக்கில் விற்ற வின்செஸ்டர் 67 இதற்கு நல்ல உதாரணம், அமெரிக்காவுக்குள் விற்றவற்றில் எண்ணே கிடையாது.

ஆகவே எண் இல்லாதது குற்றத்தின் அடையாளம் அல்ல, அதுவே ஒரு தேதிக் குறிப்பு. பிறக்கும்போதே எண் இல்லாத ரைஃபிள் என்றால் பெரும்பாலும் 1968க்கு முந்தியது.

இருந்த எண்ணை அழித்திருந்தால் கதையே வேறு. அது மத்தியச் சட்டப்படி குற்றம், அப்படிப்பட்டதைத் தெரிந்து வைத்திருப்பதும் குற்றம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ரிசீவரை (குழலின் பின்முனை பொருந்தியிருக்கும், போல்ட் ஓடும் இரும்புப் பகுதி) சாய்த்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் படுத்தாற்போல் விழச் செய்யுங்கள். அரம் போட்ட இடம் லேசாகக் குழிந்திருக்கும், கோடுகள் ஒரே திசையில் ஓடும், அந்த இடத்தில் மட்டும் நீலப்பூச்சின் நிறம் மாறியிருக்கும். பரப்பு முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம். அரம் போட்ட மாதிரி தெரிந்தால் யாருக்கும் விற்காமல், கொடுக்காமல், ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

குழல்ல பேட்டன்ட் தேதி போட்டிருக்கு. அதுதானே செஞ்ச வருஷம்?

இல்லை. காப்புரிமை வாங்கிய தேதி அது. அந்த அமைப்பு புழக்கத்தில் இருந்தவரை அதே தேதியைப் பல வருடங்கள் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். 'இந்தத் தேதிக்குப் பிறகுதான் செய்திருக்க முடியும்' என்ற கீழ் எல்லை மட்டும் அதிலிருந்து கிடைக்கும்.

வேற எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?

முகவரியிலிருந்து. குழலில் நிறுவனத்தின் பெயரும் ஊரும் பொறித்திருக்கும். நிறுவனங்கள் இடம் மாறின, கைமாறின, பெயரைத் திருத்தின. ஒவ்வொரு மாற்றமும் ஒரு தேதி.

நான் அதிகம் பார்ப்பது ஸ்டீவன்ஸ். ஜோஷுவா ஸ்டீவன்ஸ் 1864இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிக்கோப்பி ஃபால்ஸில் தொடங்கிய நிறுவனம். பழைய குழல்களில் 'ஸ்டீவன்ஸ் ஆர்ம்ஸ் அண்ட் டூல் கம்பெனி' என்று இருக்கும். முதல் உலகப்போரில் ரஷ்யாவுக்கு ரைஃபிள் செய்துகொடுப்பதற்காக 1915இல் வெஸ்டிங்ஹவுஸ் இதை வாங்கியது. அதன் பிறகு 'டூல்' போய்ச் சுருக்கமாக 'ஸ்டீவன்ஸ் ஆர்ம்ஸ் கம்பெனி' ஆனது. 1920இல் சாவேஜ் நிறுவனம் வாங்கியது. 1960 வாக்கில் தொழிற்சாலை வெஸ்ட்ஃபீல்டுக்குப் போனது. உங்கள் குழலில் 'டூல்' என்ற சொல் இருந்தால் அது நூறு வருடம் தாண்டியது. சிக்கோப்பி ஃபால்ஸ் என்று இருந்தால் 1960க்கு முன், வெஸ்ட்ஃபீல்டு என்றால் அதற்குப் பின்.

மார்லினுக்கும் இப்படி ஒன்று உண்டு. கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்று இருந்தால் 1969க்கு முன், நார்த் ஹேவன் என்று இருந்தால் பின். முகவரியோடு ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1963க்குப் பிறகு, அந்தக் குறியீடே அந்த வருடம்தான் வந்தது.

என்னோடதுல ஜே. சி. ஹிக்கின்ஸ்னு போட்டிருக்கு. அப்படி ஒரு கம்பெனியே இல்லைங்கறாங்களே?

உண்மைதான், அப்படி ஒரு தொழிற்சாலை இருந்ததே இல்லை. சியர்ஸ் பெருங்கடை தன் விளையாட்டுச் சாமான்களுக்கு வைத்த பெயர் அது. சியர்ஸில் கணக்குப் பிரிவில் இருந்த ஜான் ஹிக்கின்ஸ் என்பவரின் பெயரை 1908 முதல் பயன்படுத்தினார்கள். 1960களின் தொடக்கத்தில் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸின் பெயர் அந்த இடத்துக்கு வந்தது. ஆக, ஹிக்கின்ஸ் என்றால் அதற்கு முன், டெட் வில்லியம்ஸ் என்றால் அதற்குப் பின். போருக்கு முன் சியர்ஸ் 'ரேஞ்சர்' என்ற பெயரிலும் விற்றது.

மற்றக் கடைகளும் இதையே செய்தன. மான்ட்கோமரி வார்டின் பெயர் வெஸ்டர்ன் ஃபீல்டு, வெஸ்டர்ன் ஆட்டோவின் பெயர் ரெவலேஷன். துப்பாக்கியைச் செய்தது மார்லின், சாவேஜ், மாஸ்பெர்க், ஹை ஸ்டாண்டர்டு, வின்செஸ்டர் போன்றவர்கள்தான்.

சியர்ஸ் ரைஃபிளில் மாடல் எண் புள்ளி வைத்து இருக்கும். புள்ளிக்கு முன்னால் உள்ள எண்தான் சரக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லும். 103 என்றால் மார்லின், 583 என்றால் ஹை ஸ்டாண்டர்டு, 273 என்றால் வின்செஸ்டர். செய்தவர் தெரிந்ததும், அவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்ற எந்த மாடல் இது என்று தேடுங்கள். உதிரி பாகம் விற்கும் நியூமெரிச் போன்றவர்களிடம் கடைப்பெயரையும் உண்மை மாடலையும் இணைக்கும் பட்டியல் இருக்கிறது. வரலாறு அந்த உண்மை மாடலின் பெயரில்தான் கிடைக்கும்.

குழல்ல 'ஸ்ப்ரிங்ஃபீல்டு'ன்னு இருக்கு சார். மிலிட்டரி துப்பாக்கியா?

பெரும்பாலும் இல்லை. அமெரிக்க அரசின் ஆயுதச் சாலை ஸ்ப்ரிங்ஃபீல்டு நகரத்தில் இருந்தது, ராணுவ ரைஃபிளுக்கு அந்தப் பெயர் அப்படி வந்தது. ஆனால் பக்கத்து ஊரான சிக்கோப்பி ஃபால்ஸில் இருந்த ஸ்டீவன்ஸ் நிறுவனமும் தன் மலிவு ரகத்துக்கு ஸ்ப்ரிங்ஃபீல்டு என்று பெயர் வைத்திருந்தது. அடுத்த வரியில் ஸ்டீவன்ஸ் என்றோ சிக்கோப்பி ஃபால்ஸ் என்றோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது முயல் சுட்ட துப்பாக்கி, போருக்குப் போனதல்ல. விற்பவர் 'ராணுவ ஸ்ப்ரிங்ஃபீல்டு' என்று சொல்லி விலை ஏற்றினால் அந்த இரண்டாவது வரியைக் காட்டுங்கள்.

ரெமிங்டன். நம்பர் இல்ல, ஆனா குழல்ல சின்னதா ரெண்டு மூணு எழுத்து இருக்கு. அது என்ன?

உங்களுக்கு அதிர்ஷ்டம். ரெமிங்டன் 1921 முதல் குழலில் தேதியை எழுத்தாகப் பொறித்தது. ரிசீவருக்கு ஒட்டினாற்போல் குழலின் இடப்பக்கம் பாருங்கள். கறுப்பு வெடிமருந்தை ஆங்கிலத்தில் 'பிளாக் பவுடர்' என்பார்கள் அல்லவா, அந்தப் பதினொரு ஆங்கில எழுத்துகளையும் வரிசையாக எழுதி, கடைசியில் எக்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு எழுத்து, பன்னிரண்டு மாதம். முதல் எழுத்து ஜனவரி, எக்ஸ் டிசம்பர். இவற்றில் எந்த எழுத்தும் இரண்டு முறை வராது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

மாத எழுத்துக்கு அடுத்தது வருடம். சிக்கல் இங்கேதான். வருட எழுத்துகள் சுற்றிச் சுற்றி வரும். ஏ என்றால் 1932ஆகவும் இருக்கலாம், 1954ஆகவும் இருக்கலாம். சி என்றால் 1934 அல்லது 1956. இதை மாடலின் காலத்தை வைத்து அவிழ்க்கவேண்டும். உங்களிடம் இருப்பது மாடல் 514, வருட எழுத்து சி என்று வைத்துக்கொள்வோம். 514 விற்பனைக்கு வந்ததே 1948இல். எனவே 1934க்கு வாய்ப்பில்லை, 1956தான்.

சாவேஜ், ஸ்டீவன்ஸ், மார்லின்ல இந்த மாதிரி எழுத்து உண்டா?

சாவேஜ், ஸ்டீவன்ஸ் ரிசீவரில் முட்டை வடிவத்தில் ஒரு சின்ன முத்திரை இருக்கலாம். உள்ளே ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண்ணை விடுங்கள், எழுத்துதான் வருடம். ஏ 1949, பி 1950 என்று வரிசையாகப் போய் எக்ஸ் 1970இல் முடியும். ஓ, கியூ இரண்டையும் தவிர்த்துவிட்டார்கள், பூஜ்யத்தோடு குழம்பும். எஃப் இருந்தால் 1954. முத்திரை மிகச் சிறியது. சுத்தமான துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

மார்லினில் (அதன் மலிவுப் பெயரான கிளென்ஃபீல்டிலும்) 1968 சட்டத்துக்குப் பிறகு சீரியல் நம்பரே தேதி சொல்லும். முதல் இரண்டு இலக்கம் 69 முதல் 72 வரை இருந்தால் அதுவே வருடம். 1973 முதல் கணக்கு மாறுகிறது: முதல் இரண்டு இலக்கத்தை 2000இல் கழியுங்கள். 27 என்றால் 1973, 20 என்றால் 1980. 2001 முதல் செய்தவை 99, 98 என்று இறங்கும், அவற்றை 2100இல் கழிக்கவேண்டும். துப்பாக்கியின் மரக்கட்டையில், பிடிக்கும் இடத்தில் அணில் படம் அழுத்தியிருக்கும் கிளென்ஃபீல்டு 60ஐ நிறையப் பேர் அனுப்புகிறார்கள். அதற்கெல்லாம் இந்தக் கணக்கு அரை நிமிட வேலை. மாடல் 60 வந்தது 1960இல்.

எனக்கு எழுத்தும் இல்ல, நம்பரும் இல்ல, முத்திரையும் இல்ல. அப்ப விட்டுட வேண்டியதுதானா?

விடவேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த வேலையே இங்கேதான் தொடங்குகிறது. தாள் சொல்லாததை மரமும் இரும்பும் சொல்லும்.

ரிசீவரின் மேற்பகுதியில் நீளவாக்கில் இரண்டு பள்ளக்கோடு இருக்கிறதா? தொலைநோக்கி மாட்டுவதற்கு அது. 1950களின் நடுவிலிருந்து மலிவு ரைஃபிளில் பரவலாக வந்தது. கட்டையின் பின்தகடு ஓரத்தில் வெள்ளைக் கோடு வைப்பது 1950, 60களின் மோகம். கட்டையின் பூவேலை கத்தியால் வெட்டியதா, அச்சு வைத்து அழுத்தியதா? மலிவு ரகத்தில் அழுத்தியது என்றால் பெரும்பாலும் 1960க்குப் பின். பழைய கட்டைகள் பல வால்நட், பின்னால் வந்தவை சாயம் ஏற்றிய பிர்ச் மரம். பழுப்பும் கறுப்புமாகப் பளபளக்கும் பிளாஸ்டிக் கட்டை இருந்தால் ஸ்டீவன்ஸ் 1940களில் பயன்படுத்திய டெனைட் ஆக இருக்கலாம். மார்லின் குழலில் 'மைக்ரோ குரூவ்' என்று இருந்தால் 1953க்குப் பின். 1942 முதல் 1945 வரை தொழிற்சாலைகள் போர் வேலைக்குத் திரும்பியதால் பொதுமக்களுக்கான ரைஃபிள் அநேகமாக நின்றே போனது. உங்கள் கணக்கு 1943 என்று வந்தால் மறுபடி பாருங்கள்.

அடியில் உள்ள பெரிய திருகைக் கழற்றினால் குழல் கட்டையிலிருந்து தனியாக வரும். குழலின் அடிப்பக்கமும் கட்டையின் உட்குடைவும் வெளிச்சமே படாத இடங்கள். தொழிலாளி பென்சிலால் எழுதிய எண்ணோ பாகத்தில் குத்திய எழுத்தோ அங்கே அப்படியே இருக்கும். திருகுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும், இல்லாவிட்டால் திருகின் வாய் சிதைந்துவிடும்.

ஒரு குறிப்பு 1940ங்குது, இன்னொண்ணு 1955ங்குது. எதை நம்பறது?

இரண்டையும் நம்புங்கள். மலிவு ரைஃபிள் வேலை செய்த கருவி. கட்டை உடைந்தால் வேறு கட்டை, போல்ட் தொலைந்தால் வேறு போல்ட். ரெமிங்டன் எழுத்து குழலின் தேதிதான், முழுத் துப்பாக்கியின் தேதி அல்ல. தொழிற்சாலையும் மிச்சமிருந்த பழைய பாகங்களைப் புது மாடலில் மாட்டித் தீர்த்ததுண்டு.

பொது விதி இது: துப்பாக்கி முழுமையானது அதன் மிகப் புதிய மூலப் பாகத்தின் தேதியில். எந்தப் பாகம் மூலம், எது பின்னால் வந்தது என்று பிரிக்கத் தேய்மானத்தை ஒப்பிடுங்கள். குழலில் பூச்சு வெளுத்து, போல்ட் மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் அது பின்னால் வந்தது. ஒரே ஒரு வருடம் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். '1949க்கும் 1954க்கும் இடையில்' என்பது மரியாதையான பதில்.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டா ரெக்கார்டு குடுக்க மாட்டாங்களா?

வயோமிங் மாநிலம் கோடி நகரத்து அருங்காட்சியகத்தில் பழைய வின்செஸ்டர், மார்லின் பதிவேடுகள் இருக்கின்றன. சில மாடல்களுக்குக் கட்டணம் கட்டினால் கடிதம் தருவார்கள். ஆனால் அவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். எண்ணே இல்லாத ரைஃபிளுக்கு எந்தப் பதிவேட்டில் தேடுவது? உங்களுக்குப் பயன்படுவது பழைய கடைப் பட்டியல்கள். சியர்ஸ் ஒவ்வொரு வருடமும் படமும் விலையும் போட்டு அச்சிட்டது. எந்த வருடம் முதலில் தோன்றுகிறது, எந்த வருடத்தோடு மறைகிறது என்று பார்த்தாலே எல்லை கிடைத்துவிடும்.

இன்னொரு விஷயம். 1968 வரை இந்த ரைஃபிள்கள் தபாலில் வீட்டுக்கே வந்தன. கென்னடி கொலையில் பயன்பட்ட ரைஃபிளும் தபாலில் வாங்கியதுதான், அதன் பிறகு எழுந்த விவாதம் 1968 சட்டத்தில் முடிந்தது. தபாலில் வந்ததற்கு வாங்கியவர் பட்டியல் இன்று யாரிடமாவது கிடைப்பது அபூர்வம். பழைய வீட்டில் ரசீதோ பெட்டி அட்டையோ கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கட்டையில யாரோ பேரும் 1941ன்னும் செதுக்கியிருக்காங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வார்னிஷ் அடிச்சுடட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். எழுத்து, எண், முத்திரை எதுவும் இல்லாத ரைஃபிளில் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். செதுக்கியது பரிசாகக் கிடைத்த வருடமா, பிறந்த வருடமா என்பது தெரியாது. அதனால் அதையும் பேட்டன்ட் தேதி மாதிரி ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எல்லைகளோடு பொருந்தினால் அதன் மதிப்பு கூடும். பழைய வீட்டுக்காரர் குடும்பத்திடம் அந்தப் பெயரைக் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து நல்ல பதில்கள் அப்படித்தான் கிடைத்திருக்கின்றன.

இரும்புக்குக் கொஞ்சம் எண்ணெய், மரத்துக்கு உலர்ந்த துணி, அது போதும். துருவை மெஷினில் தேய்த்தால் முத்திரையும் சேர்ந்து போய்விடும், மறுபடி கொண்டுவர முடியாது.

வித்தா எவ்வளவு வரும்?

பணத்துக்காகத் தேடுகிறீர்கள் என்றால் ஏமாற்றம்தான். லட்சக்கணக்கில் செய்த பொருள் இது. நல்ல நிலையில் உள்ள ஸ்டீவன்ஸ் ஃபேவரிட் போன்ற சிலவற்றுக்குச் சேகரிப்பவர்கள் உண்டு, மற்றவை சாதாரண விலைதான். மேலே சொன்ன உப்புத்தாள் வேலை நடந்திருந்தால் அதுவும் குறையும்.

சுட்டுப் பாக்கலாமா?

துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவர் பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகு மட்டும். அதிவேக .22 தோட்டா 1930இல் வந்தது. அதற்கு முன் செய்த ரைஃபிளில் அதைப் போடக்கூடாது. 1920களின் பிற்பகுதிவரை தோட்டாக்களின் மருந்து குழலின் உட்புறத்தை அரித்தது, அதனால் பழைய குழலுக்குள் குழிகள் இருப்பது சாதாரணம். தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ரிம்ஃபயரில் ஊசி நேராகத் தோட்டா அறையின் விளிம்பில் போய் இடிக்கும், நாளடைவில் அங்கே பள்ளம் விழுந்து தோட்டா சிக்கும்.

அப்பாவுக்குக் காட்டணும். ஊருக்கு எடுத்துட்டுப் போகலாமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வைத்திருக்கவும் உரிமம் வேண்டும், இறக்குமதிக்கும் உரிமம் வேண்டும். அமெரிக்கப் பக்கம் ஏற்றுமதி விதிகள் தனி. பழசு, சீரியல் நம்பர் இல்லை என்பதெல்லாம் விமான நிலையத்தில் உதவாது. அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டுங்கள்.

கண்டுபிடிச்சதை எப்படி எழுதி வைக்கிறது?

உறுதியானதையும் ஊகத்தையும் தனித்தனியாக எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். ஒரு மாதிரி: 'ஸ்டீவன்ஸ் செய்தது (குழலில் பெயர்). 1960க்கு முன் (சிக்கோப்பி ஃபால்ஸ் முகவரி). 1954 (முட்டை முத்திரையில் எஃப்). கட்டை மாற்றியிருக்கலாம் (பூச்சு குழலைவிடப் புதிது). கிடைத்த இடம்: வீட்டுப் பரண்.' எழுத்துகளின் நெருக்கமான படங்களையும் அச்செடுத்துச் சேர்த்து, துப்பாக்கியோடு அல்லாமல் வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். ரைஃபிள் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும், தோட்டா வேறு இடத்தில்.